சொல்லின் பொருள் எங்கே இருக்கிறது? ஆங்கில மொழியியல் தாளில் ஒரு சந்தேகம்

மதுரைக்காரி_டர்பனில்
எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்தபடி தொலைநிலைக் கல்வியில் ஆங்கில பி.ஏ. படிக்கிறேன். இந்தப் பருவத்தில் பொருண்மையியல் ஒரு தாள். சொற்பொருள் பற்றிய கோட்பாடுகளைப் பாடக்குறிப்பில் வரிசையாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் அரைப் பக்கத்தில் விளக்கிவிட்டு, அடுத்த அரைப் பக்கத்தில் அடித்துப் போட்டுவிடுகிறார்கள்.

முதலில் சுட்டுக் கோட்பாடு. சொல் உலகத்தில் இருக்கும் ஒன்றைச் சுட்டுகிறது, அந்த ஒன்றுதான் அதன் பொருள். உடனே மறுப்பு: 'யூனிகார்ன்' எதைச் சுட்டும்? 'அண்ட்', 'இஃப்', 'ஆல்தோ' எல்லாம் எதைச் சுட்டும்? அத்தோடு அந்தக் கோட்பாட்டின் கதை முடிந்தது.

அடுத்து ஜான் லாக் 1690-இல் சொன்ன கருத்துக் கோட்பாடு. சொல் என்பது பேசுபவரின் மனத்தில் உள்ள எண்ணத்துக்கு அடையாளம். மறுப்பு: என் மனத்தில் இருக்கும் நாய் வேறு, உங்கள் மனத்தில் இருக்கும் நாய் வேறு. பிறகு எப்படி ஒருவருக்கொருவர் புரிகிறது?

பிறகு நடத்தைக் கோட்பாடு. புளூம்ஃபீல்ட், 1933. ஜில் பசியோடு நடந்து வருகிறாள், மரத்தில் ஆப்பிளைப் பார்க்கிறாள், ஏதோ ஒலி எழுப்புகிறாள், ஜாக் ஏறிப் பறித்துக் கொடுக்கிறான். பேச்சுக்கு முன்னால் இருந்த சூழல், பின்னால் நடந்த செயல், இரண்டும் சேர்ந்ததுதான் பொருளாம். 'உப்பு' என்றால் சோடியம் குளோரைடு என்று வரையறுத்துவிடலாம், 'அன்பு', 'வெறுப்பு' போன்றவற்றுக்கு அப்படித் துல்லியமாகச் சொல்ல வழியில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அதுவும் அவுட்.

கடைசியாக விட்கென்ஸ்டைன்: ஒரு சொல்லின் பொருள், மொழியில் அதன் பயன்பாடு. இதற்கு மட்டும் மறுப்பே இல்லை! ஆக இவர் ஜெயித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாமா? இல்லை, பக்கம் தீர்ந்துபோனதால் விட்டுவிட்டார்களா?

நாலாவது_ரோபோ
ஜெயித்துவிட்டார் என்றுதான் நான் சொல்வேன் அக்கா. என் பெயரையே பாருங்கள். மதுரையில் யாரிடமாவது "ரெண்டாவது ரோபோவில் இடது பக்கம் திரும்புங்க" என்று வழி சொன்னால் சிரிப்பார்கள். இங்கே அதில் சிரிக்க எதுவும் இல்லை, ரோபோ என்றால் சாலைச் சந்திப்பில் இருக்கும் சிக்னல் விளக்கு. இந்தச் சொல் செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-இல் வெளியிட்ட நாடகத்திலிருந்து வந்தது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்து உருவானது. செயற்கை மனிதன் எங்கே, சிவப்பு விளக்கு எங்கே? இரண்டுக்கும் பொதுவான 'சாரம்' என்று ஒன்றைத் தேடினால் தலைவலிதான் மிஞ்சும். டர்பன்காரர் அந்தச் சொல்லை எப்படிப் புழங்குகிறார் என்று பார்த்தால் போதும், பொருள் கிடைத்துவிடும்.

இன்னொன்று 'ஜஸ்ட் நவ்'. குழாய் ரிப்பேர்காரர் "ஐ வில் கம் ஜஸ்ட் நவ்" என்றால் புதிதாக வந்தவர்கள் வாசலில் போய் நிற்பார்கள். ஊர்க்காரர்கள் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுவார்கள். அகராதியைப் பார்த்தா இதைக் கற்றுக்கொண்டோம்? காத்திருந்து காத்திருந்து கற்றுக்கொண்டோம்.

பழைய_வாத்தியார்
அவசரப்படாதீர்கள் தம்பி. அம்மா, உங்கள் பாடக்குறிப்பு கோட்பாடுகளைக் குத்துச்சண்டைப் போட்டிபோல வைத்திருக்கிறது. அதுதான் சிக்கல். இவர்கள் எல்லோரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

ஆக்டனும் ரிச்சர்ட்ஸும் 1923-இல் போட்ட முக்கோணம் குறிப்பில் இருக்கிறதா? ஒரு முனையில் சொல், உச்சியில் எண்ணம், மறு முனையில் சுட்டப்படும் பொருள். மூன்று பக்கங்களில் அடிப்பக்கத்தை மட்டும் புள்ளிக்கோடாகப் போட்டிருப்பார்கள். சொல்லுக்கும் பொருளுக்கும் நேரடி உறவு கிடையாது, மனம் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும் என்பது அதன் சேதி. மாணவர்கள் முக்கோணத்தை அழகாக வரைவார்கள், அந்தப் புள்ளிக்கோட்டை மறந்து முழுக்கோடாக இழுத்துவிடுவார்கள். நான் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவேன்.

இப்போது சுவிஸ் மொழியியலாளர் சசூர். ஜெனிவாவில் 1907 முதல் 1911 வரை அவர் நடத்திய வகுப்புகளின் குறிப்புகளைத் தொகுத்து, அவர் இறந்த பிறகு 1916-இல் நூலாக்கினார்கள். அவர் கேட்ட கேள்வியே வேறு. ஒரு சொல்லுக்கு உலகத்தோடு என்ன உறவு என்பதை ஒதுக்கிவிட்டு, அதே மொழியில் பக்கத்தில் நிற்கும் சொற்களோடு அதற்கு என்ன உறவு என்று கேட்டார். பிரெஞ்சில் 'மூத்தோன்' என்றால் ஆடும்தான், அதன் கறியும்தான். ஆங்கிலத்தில் மேய்வது 'ஷீப்', தட்டில் இருப்பது 'மட்டன்'. அதனால் 'மூத்தோன்', 'ஷீப்' இரண்டுக்கும் மதிப்பு ஒன்றல்ல என்றார்.

நம் ஊர்க் கறிக்கடைப் பலகையிலேயே இதைப் பார்க்கலாம். லேம் (ஆட்டுக்குட்டி), மட்டன், கோட் (வெள்ளாடு) என்று மூன்று வரி இருக்கும். இங்கே மட்டன் என்றால் செம்மறி. மதுரையில் மட்டன் கேட்டால் பெரும்பாலும் வெள்ளாட்டுக்கறிதான் கிடைக்கும், ஏனென்றால் அங்கே அதோடு இடம் பங்குபோட 'கோட்' என்று இன்னொரு சொல் புழக்கத்தில் இல்லை. பக்கத்துச் சொல் மாறினால் இந்தச் சொல்லின் எல்லையும் நகர்ந்துவிடும்.

மதுரைக்காரி_டர்பனில்
ஐயா, மட்டன் உதாரணம் நன்றாகப் புரிந்தது. வந்த புதிதில் குழம்பின் வாசனையே மாறியிருந்ததற்கு இதுதான் காரணமா!

ஒன்று கேட்கலாமா? தொல்காப்பியத்தில் "எல்லாச் சொல்லும் பொருள்குறித் தனவே" என்று இருக்கிறதே. அது சுட்டுக் கோட்பாடு என்று எழுதலாமா?

பழைய_வாத்தியார்
எழுதலாம், ஆனால் யோசித்து எழுதுங்கள். அந்த நூற்பாவில் 'பொருள்' என்பது உலகப் பொருளா, அர்த்தமா என்று அது தனித்துச் சொல்லவில்லை. அதற்கு அடுத்த நூற்பா இன்னும் சுவையானது: "பொருண்மை தெரிதலும் சொன்மை தெரிதலும் சொல்லின் ஆகும் என்மனார் புலவர்". சொல்லால் அது குறிக்கும் பொருளும் தெரியவரும், அந்தச் சொல்லே தன்னையும் காட்டும். 'சாத்தன் வந்தான்' என்பதில் ஆள் தெரிகிறான். 'வந்தான் என்பது வினை' என்று சொல்லும்போது சொல்தான் தெரிகிறது. சொல்லைப் பயன்படுத்துவது வேறு, சொல்லைப் பற்றிப் பேசுவது வேறு என்று இன்றைய மொழித் தத்துவத்தில் பிரித்துச் சொல்லித்தருகிறார்களே, அந்தப் பிரிவு அங்கே இருக்கிறது.

உரியியலில் "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்றும் வரும். ஒரு சொல்லுக்கு அந்தப் பொருள் ஏன் வந்தது என்பது பார்த்தவுடன் விளங்காது. சசூர் சொன்ன இடுகுறித்தன்மையோடு இதை ஒப்பிடத் தோன்றும். ஒப்பிடுங்கள். ஆனால் காரணமே இல்லை என்று தொல்காப்பியர் சொல்லவில்லை, எளிதில் தெரியாது என்கிறார். சசூர் காரணம் இல்லை என்கிறார். எல்லாவற்றையும் நாமே முதலில் சொல்லிவிட்டோம் என்று எழுதினால் திருத்துபவர் புன்னகைத்துவிட்டு அடுத்த தாளை எடுப்பார்.

பொன்_சோதகன்
ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து. நான் மொழியியல் படித்தவன் இல்லை. தாதுச் சோதனைக் கூடத்தில் வேலை. ஆனால் நாலாவது ரோபோ சொன்னதை அப்படியே விட முடியவில்லை.

'தங்கம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தாதுப் பாறையைப் பொடி செய்து, ஈய ஆக்சைடும் சோடாவும் வெண்காரமும் சேர்த்து உலையில் உருக்குவோம். ஈயம் கீழே இறங்கும்போது தங்கத்தையும் வெள்ளியையும் இழுத்துக்கொண்டு வந்து ஒரு கட்டியாக நிற்கும். அந்தக் கட்டியைச் சிறு மூசையில் வைத்து மறுபடி சூடேற்றினால் ஈயம் மூசைக்குள் உறிஞ்சப்பட்டுவிடும், கடுகு அளவு மணி மிஞ்சும். நைட்ரிக் அமிலத்தில் வெள்ளி கரைந்துபோகும். மிச்சம்தான் தங்கம், அதை எடைபோடுவோம். இதே விட்வாட்டர்ஸ்ராண்ட் பாறையில் பைரைட்டும் இருக்கிறது. இரும்பும் கந்தகமும் சேர்ந்தது, மஞ்சளாக மினுங்கும், பழகாத கண்ணை ஏமாற்றிவிடும்.

ஒரு முகாமில் இருக்கும் அத்தனை பேரும் பைரைட்டைப் பார்த்துத் 'தங்கம்' என்று சொல்லிக் கொண்டாடினார்கள் என்று வைத்துக்கொள்வோம். பயன்பாடுதான் பொருள் என்றால் அவர்கள் சொன்னது சரி என்று ஆகிவிடும். ஆனால் உலை அவர்கள் சொன்னதை ஒப்புக்கொள்ளாது. 'தங்கம்' என்ற சொல் எதைப் பிடித்திருக்கிறது என்பதை அவர்கள் தலையில் இருப்பதோ பேச்சில் இருப்பதோ தீர்மானிக்கவில்லை, அந்த உலோகம் தீர்மானிக்கிறது. அணு எண் 79, அவ்வளவுதான்.

கேப்_கடலோரம்
பொன் அண்ணா, படிக்கவில்லை என்கிறீர்கள், ஆனால் நீங்கள் சொன்னது அப்படியே ஹிலரி பட்னம் 1975-இல் வைத்த வாதம். பொருள் தலைக்குள் இல்லை என்பதுதான் அவர் கட்சி. ஆர்க்கிமிடீஸ் காலத்துக் கிரேக்கர்களுக்கு அணு எண் தெரியாது. ஆனாலும் அவர்களுடைய 'தங்கம்' என்ற சொல் நம் தங்கத்தையேதான் குறித்தது என்பார். மொழியிலும் வேலைப் பங்கீடு உண்டு என்றும் சொல்வார். எல்ம் மரத்துக்கும் பீச் மரத்துக்கும் தனக்கு வித்தியாசம் தெரியாது, ஆனாலும் தான் எல்ம் என்று சொன்னால் அது எல்மைத்தான் குறிக்கிறது, ஏனென்றால் பிரித்தறியத் தெரிந்தவர்கள் அந்தச் சமூகத்தில் எங்கோ இருக்கிறார்கள். நகை வாங்கும் நாம் எல்லோரும் உங்களை மாதிரி ஆட்களை நம்பித்தான் 'தங்கம்' என்று வாய் திறக்கிறோம்.

நாலாவது_ரோபோ
அதையே எனக்குச் சாதகமாகத் திருப்புகிறேன். சோதனைக் கூடத்தின் பேச்சைக் கேட்பது என்பதே ஒரு பயன்பாடுதானே? முகாம்காரர்களும் "உலையில் தேறாவிட்டால் அது தங்கமில்லை" என்று ஒப்புக்கொள்வார்கள். அந்த ஒப்புதல் அவர்கள் பேச்சுவழக்குக்குள் இருக்கிறது. பயன்பாடு என்றால் இன்று காலை யார் என்ன சொன்னார்கள் என்ற கணக்கு இல்லை. எதைத் தவறு என்று திருத்திக்கொள்வார்கள் என்பதும் அதில் சேர்த்தி.

அப்புறம், நிபுணர் சொல்வதுதான் எப்போதும் நிற்கும் என்றும் இல்லை. 1893-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தக்காளி வழக்கு வந்தது. இறக்குமதி வரி காய்கறிக்கு உண்டு, பழத்துக்கு இல்லை. தாவரவியல்படி தக்காளி பழம். நீதிபதிகள் என்ன சொன்னார்கள்? மக்கள் அதைச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் சாப்பிடுகிறார்கள், இனிப்பாக இல்லை, அதனால் சட்டத்துக்கு அது காய்கறி. உலை தோற்றது, சமையலறை ஜெயித்தது.

பொன்_சோதகன்
தக்காளி வழக்கு நல்ல வழக்கு. ஆனால் அது 'காய்கறி' என்ற சொல்லைப் பற்றியது. காய்கறி என்று இயற்கையில் ஒரு வகை இல்லை, அது மனிதர்கள் போட்ட கூறு. அங்கே பழக்கம்தான் முடிவு சொல்ல வேண்டும், மறுக்கவில்லை. தங்கம் அப்படி இல்லை. நாளைக்கே எல்லா மக்களும் கூடி நின்று பைரைட்டைத் தங்கம் என்று அழைக்க முடிவெடுத்தால், பைரைட் தங்கம் ஆகாது. 'தங்கம்' என்ற சொல்லுக்குப் புதிதாக ஒரு பொருள் வந்திருக்கிறது என்றுதான் சொல்வோம். இந்த வித்தியாசத்தை உங்கள் கோட்பாடு எப்படிச் சொல்லும்?

பழைய_வாத்தியார்
இருவரும் சண்டையை நிறுத்தாமல் ஒன்றைக் கவனியுங்கள். விட்கென்ஸ்டைன் இறந்து இரண்டு ஆண்டு கழித்து, 1953-இல் வெளியான நூலின் 43-ஆம் பத்தியில் அந்த வாசகம் வருகிறது. அதற்கு முன்னால் ஒரு வால் இருக்கிறது: 'பொருள்' என்ற சொல்லை நாம் ஆளும் இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு, எல்லாவற்றுக்கும் இல்லாவிட்டாலும், இப்படிச் சொல்லலாம் என்கிறார். அந்த 'எல்லாவற்றுக்கும் இல்லாவிட்டாலும்' பாடக்குறிப்புகளில் உதிர்ந்துவிடுகிறது. அம்மா, உங்கள் விடைத்தாளில் அதைச் சேர்த்தால் கோட்பாட்டின் வரம்பை அதன் ஆசிரியர் வாயாலேயே சொன்னதாக ஆகும்.

கேப்_கடலோரம்
என் வேலை கணினி மொழியாக்கம் சம்பந்தமானது, அதனால் எங்கள் பக்கத்துக் கட்சியையும் வைக்கிறேன். ஜே.ஆர்.ஃபர்த் 1957-இல், ஒரு சொல்லை அது சேரும் கூட்டத்தை வைத்து அறியலாம் என்ற கருத்தில் ஒரு வரி எழுதினார். அதற்கு முன்பே 1954-இல் செலிக் ஹாரிஸ், பொருளில் வேறுபடும் சொற்கள் வரும் இடங்களிலும் வேறுபடும் என்று வாதாடியிருந்தார். அப்போது அது ஆராய்ச்சியாளர்களின் பேச்சு. 2013-இல் கூகுள் ஆய்வாளர்கள் வேர்ட்டுவெக் என்ற முறையை வெளியிட்ட பிறகு அதுவே தொழிலாகிவிட்டது. கோடிக்கணக்கான சொற்கள் கொண்ட உரையைக் கொடுத்து, எந்தச் சொல் எவற்றின் பக்கத்தில் வருகிறது என்பதை மட்டும் வைத்து, ஒவ்வொரு சொல்லையும் எண்களின் வரிசையாக மாற்றுகிறார்கள். உலகத்தைக் காட்டவே இல்லை, ஆனாலும் 'டாக்டர்' போய் 'நர்ஸ்' பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

ஆனால் 'ஹாட்', 'கோல்ட்' இரண்டும் ஏறக்குறைய ஒரே கூட்டத்தில்தான் சேரும்: தண்ணீர், காற்று, தேநீர், நாள். அதனால் எதிர்ச்சொற்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. கூட்டத்தை வைத்துச் சொல்லை அறியலாம், சரி. சூடா குளிரா என்று தெரிய விரலை நீட்டித்தான் பார்க்க வேண்டும்.

மதுரைக்காரி_டர்பனில்
இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. அடுத்த அலகில் பொருட்கூறு ஆய்வும் முன்மாதிரிக் கோட்பாடும் இருக்கின்றன. 'பேச்சலர்' என்றால் மனிதன், ஆண், வயது வந்தவன், மணமாகாதவன் என்று கூறுகளாக உடைப்பது. இதில் என்ன தப்பு? எனக்கு இது சுத்தமாக இருப்பதாகத் தோன்றுகிறது.

பழைய_வாத்தியார்
சுத்தமாக இருப்பதுதான் அதன் கவர்ச்சி. காட்ஸும் ஃபோடரும் 1963-இல் இதே சொல்லை எடுத்து நான்கு பொருளாகக் கிளை பிரித்தார்கள்: மணமாகாத ஆண், இன்னொரு வீரனின் கொடியின் கீழ் பணிசெய்யும் இளம் வீரன், முதல் பட்டம் பெற்றவர், இனப்பெருக்கக் காலத்தில் துணை கிடைக்காத இளம் கடல்நாய். கடைசியைப் படித்துவிட்டு வகுப்பு சிரிக்காத ஆண்டே கிடையாது.

இனி நீங்கள் சொன்ன நான்கு கூறுகளைப் போப்பாண்டவருக்குப் பொருத்துங்கள். எல்லாம் பொருந்துகிறது. ஆனால் அவரைப் 'பேச்சலர்' என்று யாராவது சொல்வார்களா? சார்லஸ் ஃபில்மோர் போன்றவர்கள் இதைத்தான் பிடித்தார்கள். மணம் செய்துகொள்ளும் வயது, செய்துகொள்வார்கள் என்ற எதிர்பார்ப்பு, இப்படி ஒரு சமூகச் சட்டகம் பின்னால் நின்றால்தான் அந்தச் சொல்லுக்கு வேலை.

முன்மாதிரிக் கோட்பாடு எலினார் ராஷ் 1970-களில் செய்த சோதனைகளிலிருந்து வந்தது. எது நல்ல பறவை உதாரணம் என்று அமெரிக்க மாணவர்களைக் கேட்டால் ராபின் மேலே வந்தது, பெங்குவினும் நெருப்புக்கோழியும் அடியில் போயின. வகைக்கு நடு உண்டு, ஓரம் உண்டு, உறுப்பினர் எல்லோரும் சமமில்லை. எனக்கு ஒரு சின்னக் குறும்பு ஆசை: இந்தச் சோதனையை நம் நாட்டில் செய்ய வேண்டும். சைமன்ஸ் டவுன் கடற்கரையில் பெங்குவின், ஊட்ஷூர்ன் பண்ணையில் நெருப்புக்கோழி. 'ஓரத்துப் பறவைகள்' இரண்டும் நமக்குப் பள்ளிச் சுற்றுலாப் பறவைகள். ஆனாலும் முதலில் ஒரு பறவை வரையச் சொன்னால் குழந்தைகள் குருவியைத்தான் வரைவார்கள் என்பது என் ஊகம்.

லபாவ் 1973-இல் வெளியிட்ட கோப்பைச் சோதனையையும் படியுங்கள். ஒரே பாத்திரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாக்கி வரைந்து காட்டி, இது 'கப்'பா 'பவுல்'லா என்று கேட்டார். எல்லை பளிச்சென்று வரவில்லை. அதற்குள் மசித்த உருளைக்கிழங்கு இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னால் அதே படம் சீக்கிரமே 'பவுல்' ஆகிவிட்டது.

கேட்டோ_மேனர்
அப்படியானால் பன்னி சௌ சாண்ட்விச் வகையில் சேருமா? ரொட்டி உண்டு, உள்ளே கறி உண்டு. ஆனால் கால் ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றியதை சாண்ட்விச் என்றால் என் பாட்டி கல்லறையிலிருந்து எழுந்து வருவார்.

மட்டுறுத்துநர்
பன்னி சௌ குறித்து வந்த பதினேழு மறுமொழிகளை உணவுப் பகுதிக்கு மாற்றிவிட்டேன். இங்கே பாடத்தைத் தொடரலாம்.

மதுரைக்காரி_டர்பனில்
கடைசியாக இரண்டு. பழைய வினாத்தாளில் 'சென்ஸ், ரெஃபரன்ஸ் வேறுபாட்டை விளக்குக' என்று பத்து மதிப்பெண்ணுக்கு இருக்கிறது. ஃபிரெகேயின் விடிவெள்ளி உதாரணம் (விடிவெள்ளி, அந்திவெள்ளி இரண்டும் ஒரே வெள்ளிக் கோள்தான் என்பது) இல்லாமல் வேறு ஏதாவது கிடைக்குமா? இன்னொன்று, ஆரம்பத்தில் கேட்டது அப்படியே நிற்கிறது. 'அண்ட்', 'பட்' போன்ற சொற்களுக்குச் சுட்டுக் கோட்பாட்டுக்காரர்கள் கடைசியில் என்னதான் பதில் வைத்திருக்கிறார்கள்?

கேப்_கடலோரம்
முதல் கேள்விக்கு: ஃபிரெகே 1892-இல் சொன்னது, சுட்டப்படுவது ஒன்றாக இருந்தாலும் அது நமக்குக் காட்டப்படும் விதம் வேறாக இருக்கலாம் என்பது. 'ராபன் தீவின் 46664-ஆம் எண் கைதி', '1994-இல் பதவியேற்ற தென்னாப்பிரிக்க அதிபர்' என்று இரண்டு தொடர்கள். சுட்டுவது ஒரே மண்டேலாவை. ஆனால் முதல் தொடரைப் புரிந்துகொண்ட ஒருவருக்கு இரண்டாவதும் அவரே என்பது தெரியாமல் இருக்கலாம், தெரியவந்தால் அது அவருக்குப் புதுச் செய்தி. 'மண்டேலாதான் மண்டேலா' என்பதில் எந்தச் செய்தியும் இல்லை. அப்படிக் காட்டப்படும் விதத்துக்கு ஒரு பெயர் வேண்டும், அதுதான் சென்ஸ். சுட்டப்படுவது ரெஃபரன்ஸ்.

பழைய_வாத்தியார்
இரண்டாவதற்கு நான் சொல்கிறேன். தனிச்சொல் எதைச் சுட்டுகிறது என்று கேட்பதை விட்டுவிட்டு, அது நிற்கும் வாக்கியம் எப்போது மெய்யாகும் என்று கேட்டார்கள். ஃபிரெகே தொடங்கிவைத்த பாதை, 1967-இல் டொனால்ட் டேவிட்சன் அதைப் பொருள் கோட்பாடாகவே முன்வைத்தார். 'மழை பெய்கிறது அண்ட் காற்றடிக்கிறது' என்ற வாக்கியம், இரண்டு பாதியும் மெய்யாக இருந்தால் மெய், ஒன்று பொய்த்தாலும் பொய். 'அண்ட்' எதையும் சுட்ட வேண்டியதில்லை. முழு வாக்கியத்தின் மெய்ம்மைக்கு அது செய்யும் வேலைதான் அதன் பொருள். ஆக, உங்கள் குறிப்பில் அரைப் பக்கத்தில் இறந்துபோன சுட்டுக் கோட்பாடு இப்படி வேறு உருவத்தில் பிழைத்திருக்கிறது.

ஆனால் 'பட்' அவ்வளவு எளிதில் மடங்காது. "அவர் ஏழை, நேர்மையானவர்", "அவர் ஏழை, ஆனால் நேர்மையானவர்" இரண்டும் மெய்யாகும் சூழல் ஒன்றேதான். இருந்தும் இரண்டாவதைச் சொன்னவரிடம் "ஏழை என்றால் நேர்மை இருக்காதா?" என்று கேட்கத் தோன்றுகிறது. அந்தக் கூடுதல் சேதி மெய்ம்மைக் கணக்கில் வராது. கிரைஸ் 1975-இல் வெளியான கட்டுரையில், ஒரு சொல்லின் மரபுப் பொருளோடு ஒட்டிக்கொண்டே வரும் உட்குறிப்பு என்று ஒன்றைத் தனியாகப் பிரித்தார். 'பட்'டையும் அந்தக் கணக்கில்தான் வைக்கிறார்கள். அப்படிப் பிரித்தது சரியா, அதுவும் பொருளின் ஒரு பகுதிதானே என்று இன்னும் வாதாடுகிறார்கள். உங்கள் கட்டுரைக்கு இடம் இருந்தால் 'ஆல்தோ'வையும் இதே தராசில் நிறுத்துப் பாருங்கள், அது இரண்டு உட்பிரிவுகளில் எதை முன்னால் தள்ளுகிறது, எதைப் பின்னால் ஒதுக்குகிறது என்பதிலிருந்து தொடங்கலாம்.